பத்தாவது சுற்று

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன். ஒரு கெட்டி அட்டையில் வரிவரியாகப் பிளேடால் வெட்டி வைத்திருக்கிறேன். அந்த இடுக்குக்குள் மார்க்கர் பேனா ஓடுகிறது. எழுதியதைத் திரும்பப் படிக்க என்னால் முடியாது என்பதால் அடித்தல் திருத்தல் எதுவும் கிடையாது, வாயில் வந்தது அப்படியே வரும். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் ஒரே கயிற்றைப் பிடித்து ஓடியதில் உங்களை நீ, வா, போ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அண்ணனுடைய மனைவிக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை இன்றிலிருந்தாவது கொடுக்கிறேன். இனி நீங்கள்தான்.

நவம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் புள்ளி எழுத்து வகுப்புக்குப் போகிறேன். முதல் மாதம் விரலுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ரவையைத் தடவுவது போல இருந்தது. இப்போது கொஞ்சம் தேறிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னைக் கறை பார்க்கும் மேஜையிலிருந்து எடுத்து மடிக்கும் மேஜையில் போட்டுவிட்டார்கள். அங்கே போர்வை ஓரத்தில் தைத்திருக்கும் வார்டு எண்ணை விரலாலேயே படித்து அடுக்கிவிடுகிறேன்.

நேற்று சாயந்திரம் ஆணியில் தொங்கிய மெடலை எடுத்துத் தூசி தட்டினேன். போன அக்டோபரில் நாம் ஓடிய ஏரி ஓட்டத்தின் நூறு கிலோமீட்டர் மெடல். சும்மாதான் விரலை வைத்தேன். என் கண்ணுக்குப் பிடிபடாமல், மெடலின் அதே நிறத்தில் நடுவில் எண் எம்பி நிற்கிறது. நேர்கோடாக ஒன்று வர வேண்டிய இடத்தில் வயிறு தள்ளிய ஓர் ஐந்து. பக்கத்தில் ஒரு பூஜ்யம். அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. இன்னொரு பூஜ்யத்தைத் தேடித் தேடி விரல் வழவழவென்று விளிம்புக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின வருஷம் நாம் ஓடிய ஐம்பது கிலோமீட்டருக்குக் கொடுத்த மெடல் அடுத்த ஆணியில் இருந்தது. இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தேன். ஒரே அச்சு.

காலையில் ஓட்டம் நடத்துகிற அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பெண் என் எண்ணைக் கேட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கு ஒன்பது சுத்துதான் ஏறியிருக்கு. முடிக்கலைன்னு போட்டிருக்கு" என்றாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள், பாவம்.

ஏரியைச் சுற்றிப் பத்துச் சுற்று, சுற்றுக்குப் பத்துக் கிலோமீட்டர், பதினான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் அதே வளைவுக்கடியில்தான் வந்து முடியும். ஆறாவது சுற்றில் நான் வாந்தியெடுக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கணக்குத் தெரியாது. கணக்கு வைப்பது துணைக்கு ஓடுகிறவரின் வேலை. கயிற்றைப் பிடித்த முதல் நாளே உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "நீ பாக்குறதைச் சொல்லு. நல்லதோ கெட்டதோ, சொல்லு. பொய் மட்டும் சொல்லாதே." ஒன்பதாவது சுற்று முடிகிற இடத்தில் நின்று, "பத்து முடிஞ்சிருச்சுடி வாத்து!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது யார்?

பொத்தான் ஓட்டை அளவுக்குத்தான் அப்போது எனக்குப் பார்வை மிச்சம். அடுத்த அக்டோபர் வரை அதுவும் தாங்காது என்று டாக்டர் உங்கள் எதிரில்தான் சொன்னார். அந்த ஓட்டை வழியாக வளைவின் மேலே ஓடும் கடிகாரத்தை, நூறு முடித்த நேரத்தை, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அந்த ஓட்டத்துக்கே வந்தேன். நீங்கள் என் தாடையைப் பிடித்து மேலே திருப்பினீர்கள். சிவப்பில் பன்னிரண்டு மணி ஒன்பது நிமிஷம். வாந்தியெடுத்துக்கொண்டே ஓடியவள் எப்படி இவ்வளவு சீக்கிரம் முடித்தாள் என்று நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. ஆசை அப்படி. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சலவைக்கூடத்தில் கேக் வெட்டினார்கள், அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். மெடலை மட்டும் யாரிடமும் காட்டாதே, ஊர்க்கண் பட்டுவிடும் என்று சொன்னீர்கள். என் கண்ணே போய்க்கொண்டிருக்கிறது, ஊர்க்கண்ணுக்கு நான் பயந்தேன் பாருங்கள்!

பதினாறாவது இடம் என்று வேறு சொன்னீர்களே, அந்தப் பதினாறை எங்கிருந்து பிடித்தீர்கள்?

போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நம்பத் தோன்றும். எழுதுங்கள்.

பிப்ரவரி 20

வாத்துக்கு,

கடிதம் கிடைத்தது. அதை உன் அண்ணன் படிப்பதற்கு முன்னால் எடுத்து மறைத்துவிட்டேன். மாற்றலாகி வந்த ஊரில் மூன்று மாதமாகியும் கோடவுன் வேலையில் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. இதையும் சேர்த்து அவர் தலையில் கட்ட வேண்டாம் என்றுதான்.

நான் எழுதுவதை உனக்கு யார் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியவில்லை. கீழ்வீட்டு டெய்லரம்மாவாகத்தான் இருக்கும். அவர்களுக்கும் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். நம் வீட்டுச் சங்கதி இனி தெருவுக்கே தெரியும், அதற்கும் சேர்த்து.

ஆமாம், ஒன்பதுதான். நான் பத்து என்று சொன்னேன். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று நீ இருந்த இருப்பு உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். எட்டாவது சுற்றில் இரண்டு முறை விழுந்தாய். உதடு நீலமாகிவிட்டது. ஒன்பதாவதில் மரத்தடிக்கு ஒதுங்கினாயே, அப்போது போன சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. மருந்துக்கடையில் பதினொரு வருஷம் நின்றவள் நான். அந்த நிறம் வந்தால் கிட்னி போகிறது என்று எனக்கு ஒரு டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. செத்துப்போன உன் அப்பாவிடம் பேசிக்கொண்டு வந்தாய். "அப்பா, கதவைத் திறங்க, கதவைத் திறங்க" என்று.

"நிறுத்திடலாம்"னு மூன்று தடவை சொன்னேன். "செத்தாலும் பத்து"ன்னு பல்லைக் கடித்தாய். உன் பிடிவாதம் உலகத்துக்கே தெரிந்ததுதான். பிடித்த முயலுக்கு மூன்றே கால். உன்னை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பொய்யைச் சொல்லி உயிரோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பெயர் துரோகம் என்றால் துரோகம்தான்.

அப்புறமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ இரண்டு நாள் தூங்கினாய். மூன்றாம் நாள் கேக். கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? நீயே சொல். அதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

என்னை நீங்கள் என்று எழுதாதே. படிக்கச் சகிக்கவில்லை.

அண்ணி

மார்ச் 2

அண்ணிக்கு,

டெய்லரம்மா உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்கள். தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "நான் அப்படிப்பட்டவ இல்லைன்னு எழுதும்மா" என்றார்கள். எழுதிவிட்டேன்.

நிறம் நிறமாகச் சொல்கிறீர்கள். உதடு நீலம், சிறுநீர் கறுப்பு. எனக்குத் தெரியாத ஒன்றையே பார்த்து எடுத்துச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறீர்கள், கெட்டிக்காரிதான். நீங்கள் சொன்னால்தான் எனக்குப் பச்சை பச்சை, சிவப்பு சிவப்பு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாட முடியும்?

அதனால் விரலுக்குத் தெரிந்ததை மட்டும் பேசுகிறேன். அலுவலகத்துப் பெண்ணுக்கு மறுபடி போன் போட்டேன். போன அக்டோபரில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டமே நடத்தவில்லையாம். அதற்கு முந்தின வருஷத்தோடு சரியாம். அப்படியென்றால் அன்று ஏரிக்கரையில் ஐம்பது கிலோமீட்டர் மெடல் என்று ஒன்று யாரிடமும் இருந்திருக்க முடியாது. என்னுடையது என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது என் கழுத்தில் நீங்கள் மாட்டியது உங்களுடையது. உங்கள் மெடல் உங்கள் பீரோவில், புடவைக்கடியில் அல்லவா இருக்கும்? அது எப்படிக் காலையில் ஐந்து மணிக்கு ஏரிக்கரைக்கு நடந்து வந்தது?

எட்டாவது சுற்றில் என் உதடு நீலமாகப் போகிறது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே உனக்குத் தெரியுமா? உனக்கு என்று ஒருமையில் விழுந்துவிட்டது. அடிக்க முடியாது, கிடக்கட்டும்.

மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அறிவிப்புப் பலகையில் இருக்கிற தாளை எடுத்துவிடுங்கள், நான் முடிக்கவில்லை என்றேன். அவர் ரொம்ப நல்லவர். "அட விடும்மா, உன் நிலைமைக்கு ஒம்பது சுத்தே பெரிசு" என்றார். உன் நிலைமைக்கு! பார்வை போக ஆரம்பித்த நாளிலிருந்து இந்த இரண்டு சொல்லிலிருந்து தப்பிக்கத்தான் ஓடினேன். பத்து முடித்திருந்தால் அந்த வாயை அடைத்திருப்பேன். தாளை அவர் எடுக்கவில்லை. எடுத்தேன் என்கிறார். நான் தடவிப் பார்த்தேன், இன்னும் இருந்தது. நானே கிழித்துப் போட்டேன்.

மெடல் எப்படி வந்தது? ஒரே கேள்விதான். பதில் எழுதுங்கள்.

மார்ச் 19

உனக்கு,

வாத்து என்று எழுத மனம் வரவில்லை.

போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது உன் கடிதம். என் பையைத் துழாவுகிறாய், பீரோவைத் துழாவுகிறாய். மெடல் பையில் எதேச்சையாகக் கிடந்தது. அவ்வளவுதான். எங்கேயாவது போகும்போது போட்டது எடுக்காமல் இருந்திருக்கும்.

ஆறு வருஷம். அதை எண்ணிப் பார்த்தாயா? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, உன் அண்ணனுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, உன் வீட்டுக் கதவைத் தட்டியவள் யார்? எனக்கு ஓட்டத்தின் மேல் என்ன காதலா? முப்பத்திரண்டு வயசில் முதல் முதலாக ஷூ வாங்கினேன், உனக்காக. நீ ஓட நான் ஓட வேண்டும், ஓடிக்கொண்டே பேசவும் வேண்டும். "மேடு வருது, இறக்கம், கல்லு, இடது, இடது, சைக்கிள், நில்லு." மூச்சு வாங்குவதற்கே மூச்சு இல்லாமல் வாய் ஓயாமல் பேசினேன். கால் விரலில் நகம் இல்லை எனக்கு. செருப்புக் கடைக்காரர் என் காலைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்.

பத்திரிகைக்காரர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு மணி நேரம் பேசினாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இவங்க யாரு?" என்று அவர் கேட்டார். "துணைக்கு வர்றவங்க" என்று சொன்னாய். என் அண்ணி என்றுகூட வாயில் வரவில்லை. போட்டோவில் என் கை மட்டும் வந்திருந்தது, கயிற்றின் அந்த முனையில். உன் அண்ணன் அதை வெட்டி வைத்து, "கை அழகா விழுந்திருக்கு" என்றார். சிரிப்பதா அழுவதா?

எல்லாருக்கும் எல்லாம் பத்தாமல்தான் போகிறது. உனக்கு ஒரு சுற்றுப் பத்தவில்லை. எனக்கு என்னென்ன பத்தவில்லை என்று நீ கேட்டதே கிடையாது.

அந்தக் கண்டக்டர் இருக்கிறாரே, பயிற்சிக்கு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு, "ஒரு நாள் நானும் கயித்தைப் பிடிக்கட்டுமா"ன்னு நிற்பாரே, இனி அவரையே கூப்பிட்டுக்கொள். அவருக்காவது வாயும் ஓயாது, காலும் ஓயாது.

அண்ணி

ஏப்ரல் 8

அண்ணிக்கு,

துணைக்கு வருகிறவர் என்று சொன்னது தப்புதான். டெய்லரம்மா அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

எதேச்சையாகக் கிடந்ததாம். துவைத்துக் காயவைத்துத் தைத்து வைத்துக்கொள்கிற பையில், ஒரு கிராம் எடை கூடினாலும் திட்டுகிற நீங்கள், கால் கிலோ இரும்பை எதேச்சையாகச் சுமந்துகொண்டு தொண்ணூறு கிலோமீட்டர் ஓடினீர்கள். நல்லது.

பொத்தான் ஓட்டை போன செவ்வாய்க்கிழமை மூடிக்கொண்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது, ஜன்னலில் என்ன என்று தெரியவில்லை. மூன்று நாள் அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன். மடிப்பு மேஜையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மடித்த போர்வை முன்பு மாதிரியே இருக்கிறதாம்.

அக்டோபர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கண்டக்டரோடு ஓடுகிறேன். உங்கள் யோசனைதான். மனுஷன் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. நிற்க வேண்டுமென்றால் "ஹோல்டான்!" கிளம்ப வேண்டுமென்றால் "போலாம் ரைட்!" தெருவில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். கயிற்றை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறார், மாட்டை ஓட்டுவது போல. நீங்கள் பிடித்தால் கயிறு இருப்பதே தெரியாது. இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கடிகாரத்தைப் பார்க்க முடியாது இனி. பத்துச் சுற்றையாவது காலால் முடித்துவிடுகிறேன்.

இதற்குமேல் எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

ஜூன் 14

(புள்ளி எழுத்தில்)

வாத்துக்கு,

இதை டெய்லரம்மா படிக்க முடியாது. அதற்காகத்தான் கற்றுக்கொண்டேன். சட்டமும் ஊசியும் தபாலில் வரவழைத்தேன். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால்தான் எழுத்து நேராகும் என்பதே எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. பிழை இருக்கும். இந்த ஒரு கடிதத்துக்குப் பதினோரு மதியம் ஆகியிருக்கிறது.

மெடலை நான் காலையில் கிளம்பும்போது பீரோவிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன். தெரிந்துதான் போட்டேன்.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் எனக்கு வலது பாத எலும்பில் கீறல். நம் மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நூறு கிலோமீட்டர் பேச்சே கூடாது, நடப்பதையே குறை என்றார். கண்டக்டர் தயாராக இருந்தார். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திட்டியிருப்பாய், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், பிறகு அவர் கையில் கயிற்றைக் கொடுத்திருப்பாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் நான் வாக்கப்பட்டு வந்து இருபது வருஷம். நான் சொல்லி ஒருவரும் ஒரு காரியமும் செய்ததில்லை. உன் அண்ணன் நல்லவர்தான். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், பிறகு அவர் நினைத்ததைச் செய்வார். நீ ஒருத்திதான் நான் இடது என்றால் இடது திரும்பினாய். நில் என்றால் நின்றாய். பள்ளம் என்றால் குதித்தாய். என் வாயிலிருந்து வந்த சொல்லை நம்பி ஒருத்தி காலை எடுத்து வைக்கிறாள் என்பது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதை இன்னொருத்தர் கையில் கொடுக்க முடியவில்லை.

முடிகிற வரைக்கும் ஓடுவோம், முடியாமல் போகிற இடத்தில் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏழு சுற்று வரை தாங்கியது. எட்டாவதில் எலும்பு உள்ளே நகர்ந்தது தெரிந்தது. ஒன்பதை எப்படி முடித்தேன் என்று தெரியாது.

உன் உதடு நீலமாக இல்லை. வெயிலில் வெளுத்திருந்தது. சிறுநீர் கறுப்பாக இல்லை. கொஞ்சம் அடர்ந்த மஞ்சள், யாருக்கும் இருப்பதுதான். அப்பாவிடம் நீ பேசியது மட்டும் நிஜம். விழுந்தாய் என்று எழுதினேனே, அதில் ஒரு தடவை நான் விழுந்து உன்னை இழுத்தேன்.

வாந்தி நின்றுவிட்டிருந்தது. ஒன்பதாவது முடிகிறபோது உன் மூச்சு சீராக இருந்தது. நீ இன்னொரு சுற்று ஓடியிருப்பாய். என்னால்தான் முடியவில்லை.

பதில் வேண்டாம்.

அக்டோபர் 23

அண்ணிக்கு,

உன் ஜூன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். ஒரு வரியைத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன். சிறுநீர் மஞ்சள் என்ற இடத்தில் தாளைக் கசக்கினேன், பிறகு நானே நீவிவிட்டேன். சில புள்ளிகள் அமுங்கிப்போயின. பதில் எழுதாதது கோபத்தால் மட்டுமில்லை. அக்டோபரில் பத்தை முடித்துவிட்டு, அந்த மெடலோடு உனக்கு எழுதி, உன் வாயை அடைக்க வேண்டும் என்று இருந்தேன்.

ஓட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

இந்தத் தடவை கணக்கை யாரிடமும் விடவில்லை. இடது பாக்கெட்டில் பத்து ஊக்கு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றை எடுத்து வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கண்டக்டர் நன்றாக ஓடினார். கயிற்றை இப்போதெல்லாம் லேசாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஐந்தாவதில் மழை பிடித்தது. ஏழில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்தது. வழியெல்லாம் அவர் பழைய பயணிகளைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. புத்தி தெளிவாக இருந்தது, அதை நன்றாகக் கேட்டுக்கொள்.

பத்தாவது சுற்றை முடித்து வளைவுக்கு வந்தோம். இந்த வருஷம் முடிப்பவர்கள் அங்கே இடது பக்கம் திரும்பித் தனிப்பாதையில் போக வேண்டும், அந்தப் பாதையில்தான் முடிவுக்கோடு. மற்றவர்கள் நேரே அடுத்த சுற்றுக்குப் போவார்கள். "பத்து! பத்தும்மா! ஹோல்டான், லெப்ட்ல திரும்பு!" என்று கண்டக்டர் கத்தினார். அந்த மனுஷன் குரலில் அழுகை இருந்தது. பதின்மூன்று மணி ஒரு நிமிஷம் ஆகியிருந்ததாம். இன்னும் ஐம்பத்தொன்பது நிமிஷம் கையில் இருக்கிறது.

எனக்குக் கால் திரும்பவில்லை.

பத்து என்று அவர் கத்தியதில் போன வருஷத்து உன் குரல்தான் எனக்குக் கேட்டது. இடது பாக்கெட்டில் கையை விட்டேன். காலி. வலது பாக்கெட்டில் எண்ணினேன், பத்து இருந்தது. ஆனாலும் காலையில் ஊக்கை எண்ணிக் கொடுத்தவர் அவர்தானே, ஒன்பதே கொடுத்துவிட்டு நடுவில் ஒன்றை வலது பக்கம் போட்டிருந்தால்? மழையில் நின்றபோது என் பாக்கெட்டைத் தொட்டாரே, தண்ணீர் பாட்டில் வைக்கிறேன் என்று? மைக்கில் என் எண்ணைச் சொல்லி வாழ்த்தினார்கள். அவர்களிடமும் சொல்லி வைத்திருப்பார் என்று தோன்றியது. கொடி பிடித்து நின்ற ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சிட்டீங்க, நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள். நிஜமாத்தான் என்று அவள் ஏன் சொல்ல வேண்டும்? பாவப்பட்டுச் சொல்கிறாள், உன் நிலைமைக்கு என்று சொல்கிறாள். அப்படித்தான் என் காதில் விழுந்தது.

கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே ஓடினேன்.

கண்டக்டர் பாவம், விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அறுபது வயசு மனுஷன். "எம்மா, நான் பொய் சொல்ல மாட்டேம்மா, என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்று கெஞ்சினார். நான் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கெஞ்சலை நிறுத்திவிட்டார். "ஏத்தின ஆளை நடுவுல இறக்கி விட்டுப் பழக்கமில்லை. போலாம் ரைட்" என்றார். பதினோராவது சுற்று முழுக்க நடந்தும் ஓடியும் என்னோடு வந்தார். ஒரு இடத்தில், மரங்களுக்கு அந்தப் பக்கம் வளைந்து திரும்புமே, அங்கே எனக்குப் புத்தி வந்துவிட்டது. பத்து முடிந்துவிட்டது, இவர் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து திரும்பினாலும் நேரே போனாலும் ஒரே தூரம்தான். வாய் விட்டு அழுதுகொண்டே ஓடினேன்.

பதினான்கு மணி நாற்பது நிமிஷத்துக்கு இடது பக்கம் திரும்பினேன். கடிகாரத்தை அணைத்துவிட்டிருந்தார்களாம். அலுவலகத்துப் பெண்ணை நேற்று போனில் கேட்டேன். பிப்ரவரியில் பேசிய அதே பெண். "மேடம், முடிவுக்கோட்டை நேரத்துக்குள்ள தாண்டலை. அதனால..." என்று இழுத்தாள். முடிக்கலைன்னு போட்டிருக்கா என்று நானே கேட்டேன். ஆமாம் என்றாள். நூற்றுப்பத்துக் கிலோமீட்டர் ஓடி முடிக்காதவள் இந்தப் பட்டியலில் நான் ஒருத்திதானாம்.

உன் மேல் இருந்த கோபத்துக்கு ஒரு அளவு வைத்திருந்தேன் அண்ணி. ஒரு சுற்று, பத்துக் கிலோமீட்டர். அதை ஓடிவிட்டால் கழிந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது கறிக்கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தால்கூட மூன்று தடவை தடவுகிறேன். டெய்லரம்மா உன் பழைய கடிதத்தைப் படிக்கும்போது எதையாவது விட்டுவிட்டுப் படித்திருப்பார்களோ என்று யோசிக்கிறேன். சிக்னலில் "வண்டி இல்லை, வாங்க" என்று யாராவது கையைப் பிடித்தால் கால் எழவில்லை. கண் போனபோதுகூட நான் இப்படிக் குருடியாகவில்லை.

உன்னை நீ என்றுதான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. மரியாதை கொடுக்கத் தெம்பில்லை.

அடுத்த அக்டோபருக்கு நீ வா. ஓட வேண்டாம். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது. வளைவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார். ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணை வாய் விட்டுச் சொல். மற்றவர்கள் பொய் சொன்னால் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். "பத்து" என்று நீ அன்று சொன்னதை ஒரு வருஷமாக மண்டைக்குள் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் உன் தொண்டை லேசாக அடைத்தது. அதைச் சந்தோஷம் என்று நினைத்துவிட்டேன். இனி ஏமாற மாட்டேன்.

மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வராதே. உன் மெடல் என் ஆணியில்தான் தொங்குகிறது, வரும்போது எடுத்துக்கொண்டு போ. நீ வராவிட்டாலும் ஓடத்தான் போகிறேன். எத்தனை சுற்று என்றுதான் தெரியவில்லை.